பதினோரு வாட்சும் ஒரு ராகி மூட்டையும்

மலை ஏறுகிற பஸ்ஸுக்கு அந்தக் காலத்தில் பாதி வழியில் தாகம் எடுக்கும். டிரைவர் ஓரம் கட்டி, பாறைக் கசிவில் தகர டப்பாவைப் பிடித்து, எஞ்சினுக்குத் தண்ணீர் காட்டுவார். நாங்கள் இறங்கிக் காலை நீட்டிக்கொள்வோம். எழுபதுகளின் நடுவில், ஒரு தை மாதப் பகலில், பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில் அப்படி நின்றுகொண்டிருந்தேன். மேலேயிருந்து ஒரு லாரி இறங்கி வந்தது.

லாரி நிறையக் காப்பி மூட்டைகள். ஒவ்வொரு மூட்டையிலும் நீல மையில் ஒரு முக்கோணம். எங்கள் எஸ்டேட் அடையாளம். அந்த முக்கோணத்தை அச்சுத் தகடு வைத்து அடித்தவனே நான்தான்.

வெள்ளிக்கிழமை வரவேண்டிய லாரி அது. அன்று புதன்கிழமை.

"ஏய்! நிறுத்து! நிறுத்துப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். வேட்டி தடுக்கியது. லாரி டிரைவர் எனக்குப் பழக்கமானவர். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, சிரித்த முகமாக டாட்டா காட்டிவிட்டு வளைவில் திரும்பிப் போய்விட்டார்.

"யாருங்க ரைட்டரே, சொந்தக்காரங்களா?" என்று கேட்டார் கண்டக்டர்.

என் கணக்குப்படி அந்த லாரியில் ஒரு மூட்டையின் வயிற்றுக்குள் என்னுடைய பதினோரு கடிகாரங்கள் இருந்தன. நாளைக் காலை கீழே கியூரிங் பட்டறையில் அந்த மூட்டையைப் பிரித்து, காப்பிக்கொட்டையின் தோலை உரிக்கிற மெஷினுக்குள் கொட்டுவார்கள். மெஷின் நிற்கும். "இது யார் எஸ்டேட் மூட்டை?" என்று கேட்பார்கள். நீல முக்கோணம் பதில் சொல்லும்.

மாமனார் போட்ட வாட்ச்

இந்தப் பக்கத்தை இந்த வாரம்தான் திறக்கிறவர்களுக்காக ஒரு வரி. நான் ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருபத்தேழு வருஷம் ரைட்டராக இருந்தவன். ரைட்டர் என்றால் கதை எழுதுகிற ஆள் இல்லை. ஆள் கணக்கு, பழ எடை, குடோன் சாவி, இந்த மூன்றும்தான் என் உத்தியோகம்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது மாமனார் மாப்பிள்ளை வாட்ச் போட்டார். வெள்ளை டயல், தங்க நிறக் கேஸ், கருப்புத் தோல் பட்டை. என் வாழ்க்கையில் முதல் வாட்ச். பெண்ணைப் பார்த்ததைவிட அந்த வாட்சைப் பார்த்ததுதான் அதிகம் என்று என் மனைவி சரசு இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். பொய் என்று மறுக்க முடியவில்லை.

கல்யாண லீவு முடிந்து, வாட்சைக் கட்டிக்கொண்டு மிடுக்காக எடைக்குப் போனேன். பழம் பறிக்கிற பெண்கள் சாயங்காலம் சாக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வருவார்கள். மரச்சட்டத்தில் தொங்குகிற வட்டத் தராசில் சாக்கை மாட்டி, முள் நிற்கிற இடத்தைப் பார்த்து, நான் சத்தமாகச் சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும். இடது கையால் சாக்கை நிதானப்படுத்துவேன். அந்தக் கையில்தான் வாட்ச்.

வாழவந்தியிலிருந்து வருகிற பாப்பாத்தியக்கா வரிசையில் மூன்றாவது ஆள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எடை போட்டதும் என் கையைப் பார்த்தார். பின்னால் திரும்பி, வரிசைக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"பாத்தீங்களாடி! நாம பறிச்ச பழமெல்லாம் ரைட்டரு கையில டிக்கு டிக்குன்னு ஓடுது!"

வரிசை மொத்தமும் சிரித்தது. எனக்கு முகம் காந்தியது.

ஏன் அவ்வளவு சுட்டது என்று வெளியாளுக்குப் புரியாது. அதற்கு முந்தின வருஷம்தான் பக்கத்து எஸ்டேட் ரைட்டரை விரட்டியிருந்தார்கள். தொங்குகிற சாக்குக்கு அடியில் முழங்காலால் லேசாக முட்டுக் கொடுத்தால் இரண்டு கிலோ குறைத்துக் காட்டும். குறைந்த பழத்தை வேலைக்கே வராத ஒரு பெயரில் ஏற்றிவிடுவார். பெண்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றால், அவர் கையில் திடீரென்று ஒரு மோதிரம் முளைத்தது. அவ்வளவுதான். மலையில் ரைட்டர் கையில் எது மின்னினாலும் அது பழத்திலிருந்து வந்ததாகத்தான் அர்த்தம்.

அன்று சாயங்காலமே வாட்சைக் கழற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தேன்.

சேர்ந்த கதை

கட்ட முடியாது என்று ஆனபிறகு ஆசை தணிந்திருக்க வேண்டும். எனக்கு நேர்மாறாக நடந்தது. வாட்ச் என்றால் ஒரு கிறுக்கே பிடித்துவிட்டது.

சரசுவின் அக்கா புருஷன் கப்பலில் வேலை பார்த்தவர். வருகிறபோது இரண்டு வாட்ச் கொண்டுவந்து கொடுத்தார். ஏரிக்குப் பக்கத்தில் தனியாக இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தபால் எழுதிக் கொடுப்பேன். அவர் தன் நாட்டுக்கே கிளம்பிப் போனபோது தன் கணவருடைய சங்கிலி வைத்த பாக்கெட் கடிகாரத்தை என் கையில் வைத்து மூடிவிட்டுப் போனார்.

மீதி ஏழும் ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் பார்த்த பாய் கடையிலிருந்து வந்தவை. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் வாட்சுக்குள் எங்கள் பனி புகுந்து கண்ணாடி மங்கிவிடும். பாயிடம் கொடுத்துவிட்டு, சனி ஞாயிறு முடிந்ததும் மறந்து கீழே போய்விடுவார்கள். இரண்டு வருஷம் பார்ப்பார் பாய். யாரும் வராவிட்டால் ரிப்பேர் கூலிக்கு எனக்குக் கொடுத்துவிடுவார்.

"எங்கதான் கட்றீங்க ரைட்டரே இத்தனையும்? கையில ஒண்ணையும் காணோமே?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஊட்ல இருக்குதுங்க பாய்."

"வாட்ச ஊட்ல வெச்சுட்டு மனுசன் வெளிய போறது ஒலகத்துல நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

பெரிய பிஸ்கட் டப்பாவில் பழைய வேட்டித் துணி விரித்து, பதினொன்றையும் படுக்க வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துச் சாவி கொடுப்பேன். பதினொன்றும் ஒரே அறைக்குள் ஓடுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்கு வாரம் முழுவதும் பட்ட எரிச்சல் இறங்கிப்போகும். செவ்வாய்க்கிழமைக்குள் எல்லாம் ஒவ்வொரு மணியில் நின்றுவிடும். அடுத்த ஞாயிறு வரை டப்பா பேசாது.

அப்புறம் நான் சமையல்கட்டைப் பார்த்து, "சரசு, மணி என்ன இருக்கும்?" என்பேன்.

"டப்பாவக் கேளுங்க" என்பாள்.

பத்தாவது வளைவு

ஒரேயடியாகக் கட்டவே இல்லை என்று சொன்னால் அது பொய். எஸ்டேட் வேலையாக எப்போதாவது சேலம் போகிற நாட்களில் ஒன்றைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வேன். பஸ் பத்தாவது வளைவைத் தாண்டியதும் எடுத்துக் கட்டுவேன். அதற்குக் கீழே எங்கள் ஆட்கள் யாரும் ஏற மாட்டார்கள் என்பது என் எண்ணம். சேலத்தில் ஒரு பகல் முழுக்கக் கையை ஆட்டி ஆட்டி நடப்பேன். யாராவது மணி கேட்கமாட்டார்களா என்று இருக்கும். திரும்பி வரும்போது அதே வளைவில் கழற்றிப் பைக்குள் போடுவேன்.

"ரைட்டரே, பத்து வந்துருச்சுங்க" என்று முதலில் சொன்ன அந்தக் கண்டக்டர் ஒருதரம் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார். ஏதோ வளைவை எண்ணுகிறார் என்று அப்போது நினைத்தேன். எவ்வளவு பெரிய மடையனாக இருந்திருக்கிறேன், பாருங்கள்.

எனக்கு இருந்த ஒரு பெருமை

வாட்சைத்தான் ஒளித்து வைத்தேனே தவிர, என் தராசைப் பற்றி எனக்குத் தலைகொள்ளாத கர்வம். முழங்கால் படாது. சாக்கு ஆடி நிற்கிறவரை வாய் திறக்க மாட்டேன். அரைக்கால் கிலோவைக்கூட விடாமல் சொல்லுவேன்.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பழ எடை முடிந்தபிறகு, ஆட்கள் தங்கள் சொந்தச் சாமான்களையும் அதே தராசில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தோட்டத்துக் கமலா ஆரஞ்சு, மிளகு, கடையில் வாங்கிய அரிசி, எதுவானாலும் சரி. நான் முகம் சுளிக்காமல் போட்டுச் சொல்லுவேன்.

பாப்பாத்தியக்கா வருஷா வருஷம், பழம் பறிப்பு ஆரம்பிக்கிற முதல் வாரத்தில் ஒரு ராகி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார்.

"ஏனுங்க ரைட்டரே, இதக் கொஞ்சம் போட்டுப் பாருங்க. கடைக்காரன் எடையில ஏமாத்தறானோன்னு சந்தேகமா இருக்குதுங்க."

போட்டுச் சொல்லுவேன். "கடைக்காரன் சரியாத்தாங்க்கா குடுத்திருக்கான்" என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். ஊரில் எவன் எடையில் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருகிறார்கள் பார், என்று சரசுவிடம் பீற்றிக்கொள்வேன். அந்த வாரம் முழுக்க எனக்குத் தரையில் கால் பாவாது. அவள் காப்பியை ஆற்றிக்கொண்டிருப்பாள்.

புது மேனேஜர்

பன்னிரண்டு வருஷம் இப்படி ஓடியது. பாப்பாத்தியக்கா மேஸ்திரியாகிவிட்டார். ஐம்பது பெண்கள் அவர் சொல்லுக்கு நடந்தார்கள். அப்போதுதான் சிக்மகளூர் பக்கத்திலிருந்து புது மேனேஜர் வந்தார். அதிகம் பேச மாட்டார். வந்த வாரமே எடை நோட்டுகளை எல்லாம் பங்களாவுக்குக் கொண்டுவரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்தத் திங்கட்கிழமை ஆபீசில் சொன்னார்: "புதன்கிழமை நீங்கள் சேலம் போய் பல்பர் மெஷினுக்கு உதிரிச் சாமான் வாங்கி வாருங்கள். அன்றைக்கு நான் குவார்ட்டர்ஸ் எல்லாம் பார்க்கப் போகிறேன்."

என்னை வெளியூருக்கு அனுப்பிவிட்டு என் வீட்டைப் பார்க்கப் போகிறாராம்! எடை நோட்டு அவர் கையில். டப்பா என் கட்டிலுக்கு அடியில். ஒரு ரைட்டர் வீட்டில் பதினோரு வாட்ச் இருந்தால் எந்த மேனேஜராவது நல்லதாக நினைப்பாரா? மோதிரம் போட்டதற்கே ஒருவனை மலையிறக்கி விட்டார்கள். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். இரண்டு பிள்ளைகளோடு எங்கே போய் நிற்பது? அதைவிட, "அந்த ரைட்டரும் திருடன்தான்" என்று அந்த வரிசை சொல்லுமே.

செவ்வாய்க்கிழமை, எல்லாரும் காட்டுக்குள் இருந்த நேரத்தில், டப்பாவைத் துண்டில் சுற்றிக் குடோனுக்குக் கொண்டுபோனேன். சுவர் ஓரத்தில், அடி வரிசையில் இருந்த ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து, காய்ந்த காப்பிக்கொட்டைக்கு நடுவே டப்பாவைப் புதைத்து, மறுபடி தைத்தேன். அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூல். காய்ந்த கொட்டை ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வாட்சுக்கும் நல்லது என்று ஒரு சமாதானம் வேறு. காப்பிக்காரன் புத்தி அப்படித்தான் போகும். லாரி வெள்ளிக்கிழமைதான் வரும், வியாழக்கிழமை எடுத்துவிடலாம் என்பது என் திட்டம்.

புதன்கிழமை காலை குடோன் சாவியைப் பாப்பாத்தியக்காவிடம் கொடுத்துவிட்டு முதல் பஸ் ஏறினேன்.

மேலே போகிற பஸ்

சேலத்தில் சாமானை வாங்கிக்கொண்டு திரும்புகிற வழியில், இப்போது மறுபடி பன்னிரண்டாவது வளைவு.

கண்டக்டர் விசில் ஊதினார். ஏறி உட்கார்ந்தேன். லாரியைத் துரத்திப் பிடித்தால் எண்பது மூட்டையை நடுரோட்டில் இறக்கித் தேட வேண்டும். என்ன தேடுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? அதனால் மேலேயே போவோம், குடோனில் சிவப்பு நூல் மூட்டை இருக்கிறதா இல்லையா என்றாவது தெரியும் என்று நினைத்தேன். இல்லாத சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். சேர்வராயனுக்கு மொட்டை போடுவதாகவும் வேண்டிக்கொண்டேன். அப்போது என் தலையில் அதிகம் முடியும் இல்லை.

உண்மையை எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் இந்தத் தொடரை ஆரம்பித்தேன். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்தாவது வளைவுக்கும் பதினாறாவது வளைவுக்கும் நடுவே, ஒரு நிமிஷம், 'போய்த் தொலையட்டும்' என்று தோன்றியது. இனி ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்த வேண்டாம். பத்தாவது வளைவில் திருட்டுத்தனமாகக் கழற்ற வேண்டாம். அடுத்த நிமிஷமே மாமனார் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

ஏற்காட்டில் இறங்கி, கொட்டச்சேடு பஸ் பிடித்து, எஸ்டேட் வளைவில் இறங்கி ஓட்டமும் நடையுமாக ஏறினேன். நாலைந்து நாள் பனிமூட்டத்துக்குப் பிறகு அன்று பளிச்சென்று வெயில். சில்வர் ஓக் இலையெல்லாம் வெள்ளையாக மின்னியது. எனக்கு அதையெல்லாம் ரசிக்கிற நிலைமை இல்லை.

களத்தில்

குடோனுக்கு முன்னால் காப்பி காயப்போடுகிற சிமெண்டுக் களம். அதில் ஒரே ஒரு மூட்டைக் கொட்டை மட்டும் பரப்பியிருந்தது. இரண்டு பெண்கள் மரப்பலகையால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். களத்தின் நல்ல வெயில் படுகிற மூலையில் ஒரு சாக்கு விரித்திருந்தது. அதன் மேல் என் பதினோரு கடிகாரங்களும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

பக்கத்தில் பாப்பாத்தியக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவற்றை ஒவ்வொன்றாகக் குப்புறப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க ரைட்டரே! லாரி இன்னைக்கே வந்துருச்சுங்க. மூட்டைய ஏத்தறப்ப, செவுத்தோரத்து மூட்டை ஒண்ணு ஈரம் வாங்கியிருந்துச்சுங்க. ஈர மூட்டைய அனுப்புனா பட்டறைக்காரன் திருப்பி உட்ருவானில்லீங்களா? அதான் அத மட்டும் நிறுத்தி, களத்துல கொட்டச் சொன்னேன். டப்பா உழுந்துச்சு. தொறந்து பாத்தா, உள்ளயும் ஒரே நசநசன்னு இருக்குதுங்க. கண்ணாடிக்குள்ள பூராப் பனி. சரி, இதுவும் காயட்டும்னு போட்டமுங்க."

நான் சாக்குக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒரு பக்கமே காஞ்சா நல்லதில்லீன்னு பொரட்டிப் பொரட்டி உடறேனுங்க" என்றார்.

வெயிலில் வைத்தால் டயல் நிறம் மாறிவிடும் என்று பாய் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அதைச் சொல்ல எனக்கு நேரமில்லை. ஏனென்றால் அந்த நேரம் பார்த்து மேனேஜர் குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து களத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்.

வந்தார். சாக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யாருடைய வாட்ச் இதெல்லாம்?"

பெண்கள் பலகையை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"ரைட்டரோடதுங்க தொரை" என்றார் பாப்பாத்தியக்கா, எழுந்திருக்காமலே.

"ஒரு ரைட்டருக்குப் பதினோரு வாட்ச் எங்கிருந்து வந்தது?"

"அத எங்களக் கேளுங்க தொரை, அவரு பாவம், வாயத் தொறக்கமாட்டாரு. இந்த வெள்ளை மூஞ்சி மாமனார் போட்டது. இந்த ரெண்டும் சகலைக்காரரு கப்பல்ல கொண்டாந்தது. சங்கிலி வெச்சது ஏரிக்கரை வெள்ளைக்காரம்மா குடுத்தது. மிச்சம் ஏழும் பாய் கடையில கேக்க ஆளில்லாமக் கெடந்தது. ஊருக்கே தெரியுமுங்க."

ஊருக்கே தெரியுமா!

மேனேஜர் விடவில்லை. "பழ எடையில் கைவைத்து வாங்கியது இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தச் சந்தேகம் உங்களுக்கு முந்தி எங்களுக்கு வந்துருச்சுங்க தொரை. கண்ணாலம் ஆன புதுசுல வாட்சக் கட்டிட்டு வந்து நின்னாரு பாருங்க, அன்னைக்கே வந்துருச்சு. முழங்காலு முட்டறத வரிசையில நின்னே பாத்துக்கலாம், தராசு முள்ளையே தள்ளி வெச்சிருந்தா? கடையில ராகிய எங்க கண்ணு முன்னால நிறுத்து வாங்கி, நேரா கொண்டாந்து இவரு தராசுல போடச் சொல்லுவேன். கடைக்காரன் மேல சந்தேகம்னு சொல்லிக்குவேன். பன்னண்டு வருசமாப் போட்டாச்சுங்க. ஒரு வருசமும் முள்ளு கூடக் கொறையச் சொன்னதில்ல. சொல்லியிருந்தா அடுத்த நாளே இவரு மூட்டை கட்டியிருப்பாரு."

பலகைப் பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

பன்னிரண்டு வருஷம் நான் கடைக்காரனைச் சோதித்துக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். தராசில் தொங்கியது நான்தான். எனக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. களத்துச் சுவரில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நெஞ்சிலிருந்து ஒரு பெரிய கல்லை யாரோ தூக்கி அப்பால் போட்ட மாதிரி இருந்தது.

மேனேஜர் குனிந்து, பாக்கெட் கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்தார். இன்னொன்றை எடுத்தார். எல்லாவற்றின் முகத்தையும் ஒரு பார்வை பார்த்தார். ஒன்றில் மூன்றரை, ஒன்றில் ஒன்பது, ஒன்றில் பன்னிரண்டே கால்.

"இதில் எது சரியான மணி?"

"எதுவும் இல்லீங்க சார்" என்றேன்.

அவர் சிரித்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நாளையிலிருந்து ஒன்றையாவது ஓட விட்டுக் கையில் கட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் ஆபீஸ் கடிகாரம் பத்து நிமிஷம் பின்னால் ஓடுகிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரசு சொன்னது

வீட்டுக்குப் போனதும் சரசுவைப் பிடித்துக்கொண்டேன். "மேனேஜர் வந்து எங்கெங்க பார்த்தாரு?"

"வந்தாருங்க. அண்ணாந்து தகரத்துல ஓட்டை இருக்குதான்னு பாத்தாரு. மூணு தகரம் மாத்தோணும்னு எழுதிக்கிட்டாரு. குனியவே இல்லீங்க."

கட்டிலுக்கு அடியிலேயே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சே!

"ஊருக்கே தெரியுமாமே? யார் சொன்னது?"

அவள் அசரவில்லை. "நாந்தான் சொன்னேன். ஞாயித்துக்கெழமையானா கதவச் சாத்திக்கிட்டு உள்ள என்ன பண்றாருன்னு கேட்டாங்க. மாந்திரீகம் பண்றாருன்னு ஆளுங்க லைன் ஊடு பூராப் பேச்சு. மாந்திரீகத்துக்கு வாட்ச் எவ்வளவோ தேவலைன்னு சொல்லிட்டேனுங்க."

கோபப்பட வாயெடுத்தேன். சிரிப்பு முந்திக்கொண்டது. அன்றைக்குப் போல நான் வாய்விட்டுச் சிரித்தது கிடையாது. பிள்ளைகள் அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் எடை

வியாழக்கிழமை சாயங்காலம் மாமனார் வாட்சைக் கட்டிக்கொண்டு தராசுக்கு முன்னால் நின்றேன். பட்டை விறைத்துப்போய் மணிக்கட்டைக் கடித்தது. வெயிலில் டயல் ஒரு ஓரமாக மஞ்சள் பாய்ந்திருந்தது. அந்த மஞ்சள் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. மற்ற பத்தும் டப்பாவிலேயே இருக்கின்றன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்துதான் இருக்கும்.

வரிசை வந்தது. முதல் ஆள், இரண்டாவது ஆள், பத்தாவது ஆள். சாக்கை மாட்டினார்கள், எடையைக் கேட்டார்கள், போனார்கள். ஒருத்தராவது என் கையைப் பார்க்க வேண்டுமே! பன்னிரண்டு வருஷம் நான் ஒளித்த கை அது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கடைசியில் பாப்பாத்தியக்கா வந்தார். மேஸ்திரி ஆனபிறகு அவருக்குப் பழ எடை கிடையாது. தோளில் ஒரு ராகி மூட்டை. பறிப்பு ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அந்த வருஷத்து மூட்டையைத்தான் முதல் வாரத்திலேயே போட்டாயிற்றே.

"ஏனுங்க ரைட்டரே, இதக் கொஞ்சம் போட்டுப் பாருங்க" என்றார். "கடைக்காரன் மேல இன்னைக்கு மறுபடியும் ஒரு சந்தேகமுங்க."

முகத்தில் சிரிப்பு இல்லை. கண் மட்டும் என் மணிக்கட்டில் இருந்தது.

மூட்டையை மாட்டினேன். இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றேன். மூட்டை ஆடி ஆடி நின்றது. முள்ளும் நின்றது.

"பன்னண்டே கால்" என்றேன்.

அவர் மூட்டையை இறக்கி, சும்மாடைச் சரி பண்ணித் தலையில் வைத்துக்கொண்டார். நாலடி போய்த் திரும்பினார்.

"கடைக்காரன் நல்லவன்தானுங்க ரைட்டரே."

"தெரியுமுங்க்கா" என்றேன்.